505 அடிகளும் ஒரு வசனமும்: திரை நகைச்சுவையில் நக்கீரர்

வன்னியில், இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் கோடை நெல்லுக்குப் பங்கிடச் சிறுபோகக் கூட்டம் கூடினால், போன வருடக் கணக்கில் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எழும்பும் ஆள் ஒருவராவது இருப்பார். "வந்திட்டார் நக்கீரர்" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வரும். கூட்டம் சிரிக்கும். அவர் கேட்டது நியாயமான கேள்வியாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பிலேயே கேள்வி பாதி செத்துப்போகும்.

சங்கப் புலவர் ஒருவரைக் கமக்காரர் கூட்டத்துக்குக் கூட்டிவந்தது பள்ளிக்கூடப் புத்தகம் இல்லை. 1965இல் வந்த 'திருவிளையாடல்' படமும், அதில் நாகேஷ் தருமியாக வருகிற ஒரு பகுதியும்தான் அந்த வேலையைச் செய்தன. எழுதி இயக்கியவர் ஏ.பி.நாகராஜன். இறைவனாகச் சிவாஜி கணேசன். நக்கீரராக நடித்தவரும் நாகராஜனேதான். வசனம் எழுதிய ஆள் புலவர் வேடத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டு, சிரிப்பை முழுக்க இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். நக்கீரரின் பொதுமுகம் அந்தப் பங்கீட்டில்தான் தீர்ந்தது.

முதலில் அந்தப் புலவர் யார் என்று பார்த்துவிடுவோம். பத்துப்பாட்டில் இரண்டு பாட்டுகள் நக்கீரர் பெயரில் உள்ளன. திருமுருகாற்றுப்படை 317 அடி, நெடுநல்வாடை 188 அடி, கூட்டினால் 505. அகநானூறு, நற்றிணை, குறுந்தொகை, புறநானூறு ஆகியவற்றிலும் அவர் பாட்டுகள் உண்டு. பதினோராந் திருமுறையில் நக்கீரதேவ நாயனார் பெயரில் பத்து நூல்கள் வைக்கப்பட்டுள்ளன. எல்லாம் ஒரே ஆள் எழுதியவை அல்ல, சங்க காலத்து நக்கீரர் வேறு, பிற்காலத்தவர் வேறு என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. மக்கள் மனதிலோ எல்லாரும் ஒருவர்தான். அந்த ஒருவருக்கும் மிஞ்சியது ஒரே ஒரு வசனம்: நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமே.

அந்த வசனத்திலிருந்தே தொடங்கலாம். கதையின் மூலமாக எல்லாரும் காட்டுவது பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம். அதன் 64 திருவிளையாடல்களில் 52ஆவது, தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம். கூந்தல் மணம் பற்றிய பாண்டியனின் ஐயத்தைத் தீர்க்கும் பாட்டுக்கு ஆயிரம் பொன் பரிசு. இறைவன் கொடுத்த பாட்டைத் தருமி கொண்டுபோக, சபையில் நக்கீரர் அதில் குற்றம் சொல்கிறார், இறைவனே வாதாட வருகிறார். அங்கே இறைவன் நெற்றிக்கண்ணைச் சிறிதே காட்டிவிடுகிறார். அதைக் கண்ட பிறகும் நக்கீரர் அஞ்சவில்லை. "உம்பரார் பதிபோல் ஆகம் முற்றும்நீர் கண்ணா னாலும் மொழிந்தநும் பாடல் குற்றம் குற்றமே" என்கிறார். இந்திரனைப்போல உடம்பெல்லாம் கண்ணாக வந்தாலும் பாட்டில் உள்ள பிழை பிழைதான் என்பது அதன் பொருள். வாய்வழியாகச் சுருங்கி நம்மிடம் வந்த வசனத்தைவிட இது ஒரு படி மேல். அடுத்த சீரையும் விடாமல் படிக்கவேண்டும்: "தன்பால் ஆகிய குற்றம் தேரான்". தன்னிடம் உள்ள குற்றத்தை அறியாதவன் என்று நக்கீரர் தலையில் ஒரு குட்டு வைத்துத்தான் பரஞ்சோதியார் பாட்டை முடிக்கிறார். புராணம் இறைவன் பக்கம். மேடையில் கைதட்டு வாங்கும் வீரத் தமிழ்ப் புலவன் அங்கே கிடையாது. வெப்பம் தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுகிறார், பிறகு கரையேற்றப்படுகிறார், அதற்குப் பிறகு அகத்தியரிடம் இலக்கணம் படிக்கவும் வைக்கப்படுகிறார். 53ஆம் 54ஆம் படலங்கள் இதற்கென்றே இருக்கின்றன.

தருமியும் அங்கே வேறு ஆள். தாய் தந்தையை இழந்த ஆதிசைவப் பிள்ளை. கலியாணம் முடிக்கக் கையில் காசில்லை. ஆயிரம் பொன் கிழி கட்டித் தொங்குகிறது என்று கேள்விப்பட்டுச் சந்நிதியில் நின்று கேட்கிறான், பாட்டு கிடைக்கிறது. சபையில் அது மறுக்கப்பட்டதும் திரும்பி வந்து அழுகிறான். கேட்கிறவர் மனம் இளகும் இடம் அது. இந்தக் கதைக்குள்ள மிகப் பழைய சாட்சிகளில் ஒன்று அப்பர் தேவாரம். திருப்புத்தூர்த் தாண்டகத்தில் "நன்பாட்டுப் புலவனாய்ச் சங்க மேறி நற்கனகக் கிழிதருமிக் கருளினோன் காண்" என்று வருகிறது. சங்கம் ஏறியது இறைவன், கிழி பெற்றது தருமி. குற்றம் கண்ட புலவரின் பெயர் அந்த அடியில் இல்லை.

படம் செய்த மாற்றம் இந்த அழுகையில்தான். புலம்பலின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் நகைச்சுவையைப் போர்த்தினார்கள். தனி ஆள், வெறும் கோயில் மண்டபம், தன்னோடு தானே பேச்சு, ஆசை, நப்பாசை, ஏச்சு. ஏ.பி.நாகராஜன் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்தவர். இசைநாடகத்தில் பபூன் தனியே வந்து தன் வறுமையைச் சொல்லிச் சிரிக்கவைத்து, சபையைக் கையில் எடுத்துக்கொண்டு, அதன்பிறகே ராசாவின் முன்னால் போய் நிற்பான். தருமி வருகிற ஒழுங்கு அச்சொட்டாக அதுதான். வன்னியில் இசைநாடகமும் கூத்தும் விடிய விடியப் பார்த்துப் பழகிய பெரியவர்களுக்குத் தருமி புது ஆளாகத் தெரிந்திருக்க நியாயமில்லை. பபூன் முதலில் வந்தால் சபை பபூனின் சொத்து. பின்னால் வருகிற எவரும், ராசாவானாலும் புலவரானாலும், அவன் கண்ணால்தான் பார்க்கப்படுவார்.

கேள்வி பதில் பகுதி எப்படி வேலை செய்கிறது என்பதைக் கிட்ட நின்று பார்க்கலாம். கேள்வி இரண்டு மூன்று சொல்லில் முடியும். பதில் பல இடங்களில் சோடிச் சொல். சேர்ந்தே இருப்பது என்ன என்றால், வறுமையும் புலமையும். கொடியது எது, இனியது எது என்று முருகன் கேட்டு ஔவையார் சொன்னதாக வழங்கும் தனிப்பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த காது இந்தத் தாளத்தை உடனே பிடித்துக்கொள்ளும். ஒரே வித்தியாசம், இங்கே தெய்வத்தைப் பரீட்சை பண்ணுகிறவன் ஒன்றும் தெரியாதவன். போகப் போகக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி குறைகிறது, கேட்கிறவனுக்கு மூச்சு வாங்குகிறது. கடைசியில் அவன் கையெடுத்துக் கும்பிடும்போது சிரிப்பு உடைகிறது. இதெல்லாம் நடந்து முடிகிறவரை நக்கீரர் திரையிலேயே இல்லை. அவர் வரும்போது பார்வையாளர் மனதில் தருமிக்கு அந்த ஆயிரம் பொன் கிடைத்தே ஆகவேண்டும். நடுவில் வந்து நிற்பவர் தடைக்கல்.

அதற்குமேல் ஒரு ஆணியும் அடித்தார்கள். பாட்டெழுதிப் பெயர் வாங்கும் புலவர்களும் உண்டு, குற்றம் கண்டுபிடித்தே பெயர் வாங்கும் புலவர்களும் உண்டு என்று தருமி முகத்துக்கு நேரே சொல்கிற இடம். நியாயத்துக்குப் பார்த்தால் இது பொய்க் குற்றச்சாட்டு; 505 அடி எழுதியவர் முன்னால் நின்று, ஒரு அடியும் எழுதாதவன் சொல்வது. ஆனால் சிரிப்பு வந்த இடத்தில் யார் கணக்குப் பார்க்கிறார்கள்? சிறுபோகக் கூட்டத்தில் "வந்திட்டார் நக்கீரர்" என்கிற குரல் இந்த ஆணியில்தான் தொங்குகிறது.

இவ்வளவு சண்டைக்கும் காரணமான பாட்டு குறுந்தொகையில் இரண்டாவதாக இருக்கிறது. பாடியவர் பெயர் இறையனார். மரபு அவரை அந்த இறைவனாகவே கொள்ளும்.

கொங்குதேர் வாழ்க்கை அஞ்சிறைத் தும்பி
காமம் செப்பாது கண்டது மொழிமோ
பயிலியது கெழீஇய நட்பின் மயிலியல்
செறியெயிற் றரிவை கூந்தலின்
நறியவும் உளவோ நீயறியும் பூவே

தலைவன் முதன்முதல் கூடிய வேளையில் தலைவியின் நலத்தைப் பாராட்டுகிறான். பூப்பூவாகத் தேன் தேடித் திரிகிற தும்பியே, நீ அறிந்த பூக்களில் இவள் கூந்தலைவிட மணமுள்ளவையும் உண்டோ? உலகத்துப் பெண்கள் எல்லாருடைய கூந்தலுக்கும் இயற்கை மணம் உண்டா இல்லையா என்ற வழக்கு பாட்டுக்குள் இல்லை. அது பாண்டியனின் ஐயத்துக்கு விடையாக இந்தப் பாட்டைக் கொண்டுபோய் வைத்ததால் வந்த வழக்கு. பூவும் நெய்யும் சேர்ந்தால்தான் கூந்தல் மணக்கும் என்று நக்கீரர் சொன்னது அந்த விடைக்குத்தான் பொருந்தும். காதலன் ஒருவனின் கேள்விக்கு அது பொருந்தாது.

இரண்டாம் அடியைத் திரும்பப் பாருங்கள். "காமம் செப்பாது கண்டது மொழிமோ": எனக்குப் பிடித்ததைச் சொல்லாதே, நீ கண்டதைச் சொல். முகத்துக்காகப் பேசாதே என்று பாட்டே கேட்கிறது. சபையில் நக்கீரர் செய்தது அதைத்தானே? அரசனுக்கு விருப்பமான பதிலைச் சொல்லாமல் தான் கண்டதைச் சொன்னார். இறையனார் தும்பியிடம் கேட்டதை நிறைவேற்றிய ஒரே ஆள் நக்கீரர். படத்தில் இந்த ஐந்து அடிகளும் கேட்கத்தான் செய்கின்றன. அந்த நேரம் நமது கண் தருமியின் முகத்தில் இருக்கும்.

இதே இறையனார் பெயரில் 60 நூற்பாக்கள் கொண்ட களவியல் நூல் ஒன்றும் உண்டு. அதற்குச் சங்கப் புலவர்கள் பலர் உரை கண்டார்கள். எது மெய்யுரை என்று தீர்க்க உருத்திரசன்மன் என்ற ஊமைப் பிள்ளையை இருத்தினார்கள். நக்கீரர் உரையைக் கேட்டபோது அவன் சொல்லுக்குச் சொல் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான் என்று அந்த உரையே கதை சொல்கிறது. அதாவது இறையனாரின் ஒரு பாட்டில் குற்றம் சொன்னவரும், இறையனாரின் நூலுக்கு நல்ல உரை தந்தவரும் மரபின்படி ஒரே ஆள். சிரிப்புக்குத் தேவையானது முதல் பாதி மட்டும்.

சங்கை அறுக்கும் குலம் என்று இறைவன் நக்கீரரை ஏசிய ஏச்சும், அதற்கு "உன்போல் இரந்துண்டு வாழ்வதில்லை" என்ற நக்கீரரின் பதிலும் தனிப்பாடலாக வழங்கியவை. படம் இரண்டையும் எடுத்துக்கொண்டது. நக்கீரரின் முகம் மனிதத் தன்மையோடு தெரியும் இடம் படத்தில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். தொழிலைக் காட்டி இழிவுபடுத்தியவரிடம், உழைத்துச் சாப்பிடுகிறேன் என்று திருப்பிச் சொல்கிற தன்மானம். ஆனால் சந்தமும் குரல் உயரமும் அதையும் சண்டைக் காட்சியாக்கிவிடுகின்றன.

ஏ.பி.நாகராஜன் மறுபாதியையும் எடுத்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. 1967இல் வந்த 'கந்தன் கருணை'யில் நக்கீரராகச் சீர்காழி கோவிந்தராஜன் வருகிறார். பூதம் குகையில் 999 பேரை அடைத்து வைத்து ஆயிரமாவது ஆளாக நக்கீரரைப் பிடிக்க, அவர் திருமுருகாற்றுப்படை பாடி எல்லாரையும் மீட்டார் என்பது பழைய கதை. அறுபடை வீட்டைப் பாடும் அந்தப் படத்துப் பாட்டு இன்றும் முருகன் கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கியில் கேட்கிறது. கேட்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது நக்கீரர் வாயில் வைத்த பாட்டு என்று ஞாபகம்? பக்தியாகப் பாடியபோது அவர் பாடகருக்குள் மறைந்துபோனார். கோபமாகப் பேசியபோதுதான் அவராக நின்றார். அதுவும் இன்னொருவரின் நகைச்சுவைக்கு எதிரே.

வன்னியில் இது இன்னும் ஆழமாகப் பதிந்ததற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. இங்கே பலருக்கு இந்தப் படம் பார்க்கும் முன்பே கேட்ட படம். இலங்கை வானொலியின் ஒலிச்சித்திரம், பிறகு வசனக் கசெற், கோயில் திருவிழாவில் பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். 1990களில் மின்சாரம் இல்லை. பற்றரிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம். ஜெனரேற்றர் வைத்து டெக்கில் படம் போடுவது எப்போதாவது நடக்கும் விசேஷம். குரல் மட்டும் வரும்போது என்ன நடக்கிறது? நக்கீரரின் நிமிர்ந்த நடையும் தயங்கும் கண்ணும் போய்விடும், கண்டிப்பான குரல் மட்டும் மிஞ்சும். தருமியின் குரலோ ஏறி இறங்கி, உடைந்து, கெஞ்சி, ஒரு முழு மனிதனைக் காட்டும். குரலில் மட்டும் கேட்டால் நக்கீரர் ஒரு அதிகாரி.

அதன் பிள்ளைகளும் பிறந்துவிட்டன. 2006இல் வந்த 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யில் பாணபத்திர ஓணாண்டி என்றொரு புலவர் வந்து, புகழ்வதுபோல வடிவேலுவின் அரசனை வைதுவிட்டுப் போவார். அந்தப் பெயரே திருவிளையாடலில் வரும் பாணபத்திரரைக் கிள்ளி எடுத்தது. புலவன் என்றால் ஒட்டிய வயிறும் வாய்ச்சவடாலும் என்ற அச்சு தருமியில் வார்த்தது. நல்ல பகிடிதான். ஆனால் திரையில் புலவர் என்றால் ஒன்று பிச்சை, இல்லையென்றால் சண்டை என்று ஆகிவிட்டது. எழுதிக்கொண்டிருக்கும் புலவர் எங்கே?

நம்மூர்ப் பள்ளிக்கூடங்களில் வாணி விழாவுக்கு இந்தக் காட்சி இன்னும் மேடையேறுகிறது. பழக்கும் ஆசிரியர்கள் கவனிக்கவேண்டிய சில விசயங்கள்.

தருமியாக வரும் பிள்ளை நாகேஷைப் பார்த்துப் படித்தால் உடம்பை வளைத்துக்கொண்டு மேடை முழுக்க ஓடும். பள்ளிக்கூட மேடையில் இரண்டு மைக்தான் இருக்கும். மைக்கை விட்டு இரண்டு அடி விலகினால் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது, சிரிப்பு முன்வரிசையோடு நின்றுவிடும். சோக்கால் தரையில் மூன்று இடம் அடையாளமிட்டு, வசனம் அந்த இடத்தில் நின்றுதான், ஓட்டம் வசனம் இல்லாதபோதுதான் என்று பழக்குங்கள். கேள்வி பதிலில் முதல் ஐந்தாறு கேள்விக்கு, பதில் வந்தபின் மனதுக்குள் இரண்டு எண்ணி அடுத்ததைக் கேட்கவேண்டும். பிறகு ஒன்று. கடைசி நாலைந்துக்கு எண்ணவே கூடாது. தொடக்கத்திலேயே வேகமெடுத்தால் முடிவில் ஏற இடமிருக்காது.

பேச்சும் முக்கியம். இந்தியப் படப் பேச்சில் "ஆயிரம் பொன்னாச்சே" என்று இழுத்தால் பிள்ளை நடிப்பது தெரியும். "ஐயோ, ஆயிரம் பொன்னெல்லோ! ஒண்டில்லை, ரெண்டில்லை!" என்று சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். முதியோர் வாங்கிலிருந்துதான் முதல் சிரிப்பு வரும்.

பாட்டைச் சொல்லும்போது இரண்டு பிழை வழக்கமாக வரும். "கொங்குதேர்" என்பதில் தேரை ரதம் என்று நினைத்துப் பிள்ளைகள் வடம் பிடிப்பதுபோல அபிநயம் காட்டுவார்கள். இந்தத் தேர், தேடுதல். "கெழீஇய" என்பதைக் "கெழிய" என்று கடித்துவிடுவார்கள். அளபெடையை நீட்டினால்தான் ஓசை நிற்கும். ஐந்து அடியையும் இசையில்லாமல், மெதுவாக, முழுதாகச் சொல்லவேண்டும். அந்த அரை நிமிடத்துக்குத் தருமி அசையக்கூடாது. அசைந்தால் சபை அவனைப் பார்க்கும், பாட்டு போய்விடும்.

நக்கீரர் வேடத்தை வகுப்பில் பெரிய குரல் உள்ளவனுக்குக் கொடுப்பது வழக்கம். கொடுக்காதீர்கள். தாழ்ந்த குரலில் தெளிவாகப் பேசும் பிள்ளை வேண்டும். குற்றம் சொல்லும் வசனத்தைக் கத்தாமல், கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னால் தடைக்கல் மனிதனாகும். பஞ்சுத் தாடியைக் கோந்தால் ஒட்டினால் வியர்வையில் கழன்று வாய்க்குள் போகும். நூலில் கோர்த்துக் காதில் மாட்டுங்கள். நெற்றிக்கண்ணுக்கு ரோச் லைற்றில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றினால் போதும். சாம்பிராணிப் புகையைக் கூட்டினால் இருமல்தான் மிஞ்சும், அதுவும் மைக்குக்குப் பக்கத்தில்.

எல்லாவற்றையும்விட ஒழுங்கை மாற்றவேண்டும். தருமி வருவதற்கு முன் நக்கீரருக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள். ஓலையும் எழுத்தாணியுமாக அவர் தனியே இருந்து நெடுநல்வாடையில் சில அடிகளை எழுதிக்கொண்டே சொல்லட்டும். மழை வெள்ளத்தை வெறுத்த கோவலர் மாடுகளை வேறு நிலத்துக்குச் சாய்த்து, கையில் கொள்ளியைப் பிடித்தபடி கன்னம் அடித்து நடுங்குகிற இடம். அதற்கு அடுத்து:

மாமேயல் மறப்ப மந்தி கூரப்
பறவை படிவன வீழக் கறவை
கன்றுகோ ளொழியக் கடிய வீசி

மிருகங்கள் மேய்ச்சலை மறக்கின்றன, குரங்கு கொடுகுகிறது, இருந்த குருவி விறைத்து விழுகிறது, பால்மாடு கன்றை அண்டவிடாமல் உதைத்துத் தள்ளுகிறது. இதை எழுதியவர் என்று சபை அறிந்த பிறகு தருமி வந்து அவரைக் குற்றம் கண்டே பெயர் வாங்கியவர் என்று சொன்னால், சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அது தருமியின் மேலும் கொஞ்சம் விழும்.

வாணி விழா முடிந்து சில கிழமையில் மாரி இறங்கிவிடும், மார்கழியில் வாடை அடிக்கும். பட்டியை மேட்டுக்குச் சாய்த்துவிட்டு வருகிற பிள்ளைக்குக் "கறவை கன்றுகோ ளொழிய" என்ற அடிக்கு உரை தேவைப்படாது.